மஞ்சளைச் சோதிக்க எது நம்பகம்: தகடா, குழாயா?

பாராசிட்டமால் மாத்திரையைச் சோதிக்க ஹெச்பிஎல்சி போதும்: கரைசலை அழுத்தத்தில் ஒரு குழாய்க்குள் செலுத்தி, அதிலுள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் முறை இது. அதில் இருப்பது ஒரே மருந்து. கூடச் சேர்த்த மாவும் பசையும் என்னென்ன என்பதும் தெரியும். மஞ்சள்தூள் அப்படியல்ல. குர்குமின், டிமெத்தாக்சிகுர்குமின், பிஸ்டிமெத்தாக்சிகுர்குமின் என்று மூன்று நிறமிகள், எண்ணெய், பிசின், மாவுச்சத்து, சில நேரம் யாரோ கலந்த சாயமும் இருக்கும்.

425 நானோமீட்டர் ஒளியைக் கரைசல் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் வைத்துப் பார்ப்பதை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். அது மூன்றுக்கும் சேர்த்து ஒரே எண்ணைத் தரும். மெட்டானில் மஞ்சள் என்ற செயற்கைச் சாயம் கலந்திருந்தால் அதையும் குர்குமின் கணக்கில் ஏற்றிவிடும்.

மிஞ்சுவது ஹெச்பிடிஎல்சி தகடும் (சிலிக்கா பூசிய தகட்டில் கரைப்பான் ஏறும்போது பொருள்கள் தனித்தனிப் பட்டைகளாகப் பிரியும் முறை) ஹெச்பிஎல்சி குழாயும்.

சிலிக்கா தகட்டில் குளோரோஃபார்மும் மெத்தனாலும் 95:5 விகிதத்தில் ஓடவிட்டால் மூன்று மஞ்சள் பட்டைகள் விளக்கு இல்லாமலே கண்ணுக்குத் தெரியும். மேலே குர்குமின், அடியில் பிஸ்டிமெத்தாக்சி. 366 நானோமீட்டர் ஒளியில் மூன்றும் ஒளிரும். 20×10 செ.மீ. தகடு ஒன்றில் பதினைந்து மாதிரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம் என்பதுதான் இதன் பெரிய பலம். நல்ல மஞ்சளுக்கு அருகிலேயே சந்தேகச் சரக்கு நிற்கும். ஒரே ஒரு பட்டை மட்டும் வந்தால், அது செயற்கைக் குர்குமினா என்று கேட்டே ஆக வேண்டும். மெட்டானில் மஞ்சள் இந்தக் கரைப்பானில் வைத்த இடத்தை விட்டு அதிகம் நகராது.

தகட்டின் எதிரி ஈரக்காற்று. சென்னை மாதிரிக் கடற்கரை ஊரில் சிலிக்கா ஈரத்தை உறிஞ்சி, இன்றைக்கு ஓர் உயரத்தில் நின்ற பட்டை நாளைக்கு வேறோர் உயரத்தில் நிற்கும். மெக்னீசியம் குளோரைடின் தெவிட்டிய கரைசலைக் கொண்டு ஈரப்பதத்தை 33 சதவீதத்தில் நிறுத்திவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். இந்த ஒரு படியை விட்டுவிட்டு, தகடே நம்பத்தகாதது என்று முடிவுகட்டுவது அநியாயம்.

ஹெச்பிஎல்சியின் சி18 குழாயில் (நீரை ஒதுக்கும் பூச்சுள்ள துகள்கள் நிரப்பியது) வரிசை தலைகீழ்: பிஸ்டிமெத்தாக்சி முதலில், குர்குமின் கடைசியில். மாதிரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போகும். ஆனால் அளவு சொல்வதில் தகடு இதற்கு ஈடாகாது. கரைப்பானில் கொஞ்சம் அசிட்டிக் அமிலமோ பாஸ்பாரிக் அமிலமோ கட்டாயம் வேண்டும். காரத்தில் குர்குமின் சிதையும். உலோக அயனிகளைப் பற்றிக்கொண்டு பீக்கின் (பதிவில் ஒரு பொருளுக்கு எழும் முகட்டின்) வாலை நீட்டும். வெளிச்சமும் ஆகாது, பழுப்புக் குடுவைதான் சரி.

மெத்தனாலா, அசிட்டோநைட்ரைலா? மெத்தனால் விலை குறைவு. ஆனால் அதில் மூன்று பீக்குகளும் நெருக்கியடித்து வருவது வழக்கம், பிரிதிறன் (பீக்குகள் எவ்வளவு விலகி நிற்கின்றன என்ற அளவு) 1.5-ஐத் தொடப் போராட வேண்டும். மஞ்சளுக்கு என் தேர்வு அசிட்டோநைட்ரைல். நிலவேம்பின் கசப்புப் பொருளான ஆண்ட்ரோகிராஃபோலைடை 225 நானோமீட்டர் பக்கம் அளப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். மெத்தனால் 205 நானோமீட்டர் வரைக்கும் ஒளியை விழுங்கும், அசிட்டோநைட்ரைல் 190-உடன் நின்றுவிடும்.

சோதனை முறை நம்பத்தக்கது என்று நிரூபிக்கும் சரிபார்ப்பில்தான் உண்மையான சிக்கல். மாத்திரை என்றால் மருந்தில்லாத கலவையை ஓட்டி, அந்த நேரத்தில் வேறெதுவும் வரவில்லை என்று காட்டிவிடலாம். குர்குமின் இல்லாத மஞ்சளுக்கு எங்கே போவது? 2023-இல் ஏற்கப்பட்ட ஐசிஹெச் (மருந்து விதிகளை ஒத்திசைக்கும் பன்னாட்டு அமைப்பு) க்யூ2(ஆர்2) வழிகாட்டுதலும் தனித்தறியும் திறனைக் காட்டச் சொல்கிறது. ஆகவே பல அலைநீளங்களை ஒரே நேரத்தில் அளக்கும் டயோடு அரே டிடெக்டரில் பீக்கின் தூய்மையைப் பார்க்க வேண்டும். தெரிந்த அளவு ஸ்டாண்டர்டை (தூய குர்குமினை) மாதிரியிலேயே சேர்த்து, சேர்த்தது முழுதாகத் திரும்பி வருகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

வாங்கும் சரக்கு ஒவ்வொன்றும் முதலில் தகட்டுக்குப் போகட்டும். தேறியது மட்டும் குழாய்க்குப் போகட்டும். ஒன்றைத்தான் வாங்க முடியும் என்கிற மூலிகை ஆய்வகத்துக்கு நான் தகட்டையே சொல்வேன்.

நிறத்துக்காகக் கலக்கப்படும் லெட் குரோமேட் என்ற ஈய நிறமி இந்த இரண்டிலும் சிக்காது. ஈயத்துக்கு, உலோகங்களை நுண்ணளவில் அளக்கும் ஐசிபி-எம்எஸ் போன்ற சோதனையைத் தனியாகச் செய்தே ஆக வேண்டும்.