மடிக்கும் போன் வாங்கும்போது 'இலவச ஸ்டிக்கர்' என்றால் உஷார்

யாங்கோனில் மடிக்கும் போன் வாங்க நினைக்கிறவர்களுக்காக, அதிலும் பழையது வாங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எனக்குப் பயின்னவுங் சந்தையில் உளுந்து, துவரைக் கணக்குப் பார்க்கும் வேலை. சின்னத் திரையில் விலைப் பட்டியலைப் பார்த்துப் பார்த்துக் கண் போய்விட்டது. அதனால் புத்தகம் மாதிரி விரியும் போன் ஒன்றை 22 லட்சம் கியாட்டுக்கு வாங்கினேன். பழையதுதான், ஆனால் ஒரு கீறல் கிடையாது.

பணத்தை எண்ணி வைத்ததும் கடைப் பையன், "ஸ்டிக்கர் ஓரத்துல தூக்கியிருக்குண்ணே, புதுசு ஒட்டித் தர்றேன், காசு வேண்டாம்" என்றான். நம்ம பையன், தமிழில் பேசினான், நம்பிவிட்டேன். நகத்தால் நெம்பி உரித்துவிட்டு ஏதோ ஒரு பிளாஸ்டிக் தாளை ஒட்டினான். நன்றி வேறு சொல்லிவிட்டு வந்தேன்.

பன்னிரண்டாம் நாள் காலையில் விரித்தால் மடிப்பில் ஒரு கறுப்புக் கோடு. சாயங்காலத்துக்குள் இடது பாதி முழுக்க மை கொட்டினாற்போல ஆகிவிட்டது.

அவன் உரித்தது ஸ்டிக்கரே இல்லை, கம்பெனி ஒட்டி அனுப்பும் காப்புப் படலம். 2019இல் சாம்சங்கின் முதல் மடிக்கும் போனான ஃபோல்டை முன்கூட்டியே சோதிக்க வாங்கியவர்களில் சிலரும் இப்படித்தான் உரித்துத் திரையைக் கெடுத்தார்கள். வேறு கோளாறுகளும் சேர்ந்து, ஏப்ரலில் வரவேண்டிய போன் செப்டம்பருக்குத் தள்ளிப்போனது. அப்புறம் மெல்லிய கண்ணாடி வைத்தார்கள். 2020இல் வந்த இசட் ஃப்ளிப் என்ற சாம்சங் மடிக்கும் போனில் அது 30 மைக்ரான், தலைமுடியைவிட மெல்லிசு. மேலே இருக்கும் படலம்தான் அதற்குக் காவல். அது கிளம்பினால் கம்பெனி சர்வீஸில்தான் மாற்ற வேண்டும்.

இதெல்லாம் தெரிந்துகொண்டு கடைக்குப் போனேன். "கீழ போட்டிருப்பீங்க" என்றார் முதலாளி. எங்கே அடிபட்டிருக்கிறது, காட்டுங்கள் என்றேன். "அப்போ தூசி போயிருக்கும், சந்தையிலதானே வேலை?"

அதில் பாதி நியாயம் இருப்பதுதான் எரிச்சல். தண்ணீர் தாங்கும் தரத்தைச் சொல்லும் ஐபிஎக்ஸ்8 குறியீட்டைப் பார்த்ததும் திஞ்சான் திருவிழாத் தண்ணீருக்கே தாங்கும் என்று நாம் பூரித்துப் போகிறோம். அந்த எக்ஸ் நிற்பது தூசிக்கான இடத்தில். தூசிக்கு எந்தத் தரமும் குறிப்பிடவில்லை என்று அர்த்தம். உளுந்துத் தூசி கீலுக்குள் போகாமல் இருக்குமா? சரி, நான் சந்தைக்காரன் என்று தெரிந்துதானே விற்றார்?

பில்லில் 'போன் 1' என்று மட்டும் இருந்தது. மாடல் இல்லை, ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக இருக்கும் ஐஎம்இஐ எண் இல்லை. உள்திரை மாற்ற 13 லட்சம் கேட்டார்.

மூன்றாக மடிவதை வாங்கியிருக்கலாமே என்கிறான் மச்சான். 2024இல் ஹுவாவே மேட் எக்ஸ்டி வந்ததிலிருந்து இதே பேச்சு. ஒரு கீலுக்கே இந்தப் பாடு! எல்ஜி 2021 ஜனவரியில் சுருண்டு விரியும் போனைக் காட்டியது, ஏப்ரலில் போன் தொழிலையே விடுவதாக அறிவித்தது. புது வடிவம் என்றால் உதிரி பாகத்துக்கு யாரிடம் போவது என்று முதலில் கேளுங்கள்.

வாங்கியே தீருவேன் என்றால், கடையிலேயே பத்துத் தடவை மடித்து விரித்து, வெள்ளைத் திரையை வைத்து மடிப்பை நன்றாகப் பாருங்கள். ஐஎம்இஐ எழுதாத பில்லை வாங்காதீர்கள். படலத்தில் மட்டும் யாரையும் கைவைக்க விடாதீர்கள்.

நான் இப்போது வெளித்திரையில்தான் கணக்குப் பார்க்கிறேன். பழைய போனைவிட அது இன்னும் ஒடுக்கம்.