வெறும் பத்திரமா, அலுவலர் கண்காணிப்பா?

குற்றம் நிரூபணமானவரை உடனே தண்டிக்காமல் நன்னடத்தையின் பேரில் விடுவிக்க, 1958-ஆம் ஆண்டு குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஒழுங்காக நடப்பேன் என்று எழுதிக் கொடுக்கும் வெறும் பத்திரம். அதற்கு அதிகபட்சம் 3 ஆண்டு; வம்புதும்புக்குப் போகாமல் இருந்து, நீதிமன்றம் கூப்பிட்டால் வர வேண்டும். அவ்வளவுதான்.

மற்றது நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பு. குறைந்தது 1 ஆண்டு. எங்கே குடியிருப்பது, போதை வஸ்துகளைத் தொடாமலிருப்பது போன்ற நிபந்தனைகள் இதில்தான் சேரும். டாஸ்மாக்கில் சட்டப்படி விற்கிற பீரும் போதைதான். "கல்யாண வீடு, ஒரே ஒரு கிளாஸ்" என்பதெல்லாம் எடுபடாது. மீறினால் பழைய குற்றத்துக்கே தண்டனை விதிக்கலாம். முதல் மீறலென்றால் 50 ரூபாய் வரை அபராதத்தோடு விடவும் செய்யலாம்.

குடியால் வந்த வழக்கென்றால் கண்காணிப்பே நல்லது என்பேன். தட்டிக் கேட்க ஓர் ஆள் இருப்பார். நிபந்தனைகளை விளக்கி, உத்தரவின் நகலைத் தருவது நீதிமன்றத்தின் கடமை. கேட்டு வாங்கி, வரி வரியாகப் படியுங்கள்.