மாதம் 1,800 ரூபாய் மதிப்புள்ள வசதி: கடலோரத்தில் ஒரு கம்பெனி காருடன் நான்கு ஆண்டுகள்

இராமநாதபுரத்தில் குடியிருந்துகொண்டு, உச்சிப்புளியில் உள்ள கொள்முதல் கிடங்கிலிருந்து, வடக்கே எஸ்.பி.பட்டினம் முதல் தென்மேற்கே மூக்கையூர் வரை இறால் பண்ணைகளுக்கும் மீன் இறங்குதளங்களுக்கும் போய்வருவது என் வேலை. கடல் உணவு ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனம் இதற்காக 2021 ஜூலையில் எனக்கு ஒரு கார் கொடுத்தது. 2025 அக்டோபரில் அதைத் திருப்பி ஒப்படைத்தபோது ஓடோமீட்டர் 1,18,000 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. நான்கு மீட்டர் நீளத்துக்குள் அடங்கும், 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் கொண்ட வெள்ளைச் செடான். காரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அது தன்னால் இயன்றதைச் செய்தது, இந்த மண்ணுக்கு அதைத் தேர்ந்தெடுத்தவர்கள்மீதுதான் எனக்கு வருத்தம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தேவிபட்டினம் தாண்டித் தொண்டிவரை அந்தக் கார் ஒரு லிட்டருக்கு 19 கிலோமீட்டர் கொடுத்தது. ஏசி கடைசி நாள்வரை குறை வைக்கவில்லை. பங்குனி வெயிலில் மண்டபம் இறங்குதளத்தில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து கதவைத் திறப்பவனுக்கு அதன் அருமை தெரியும். எஞ்சினில் பெரிய வேலை எதுவும் வந்ததில்லை. ஆடிக் காற்றில் பாம்பன் சாலைப் பாலத்தின்மேல் போகும்போது எடை குறைந்த வண்டி பக்கவாட்டில் தள்ளாடும் என்பதைத் தவிர, தார்ச்சாலையில் அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் என் வேலை தார்ச்சாலை முடியும் இடத்தில்தான் தொடங்குகிறது. இறால் பண்ணைகளுக்கு உள்ளே போவதென்றால் குளத்தின் கரைமேல்தான் போக வேண்டும். கரையின் நடுவே மண் மேடு தட்டியிருக்கும், இருபுறமும் டிராக்டர் சக்கரம் பதிந்த பள்ளம் ஓடும். முதல் மாதத்திலேயே வண்டியின் அடிப்பகுதி அந்த மேட்டில் உரசும் ஓசை எனக்குப் பழகிவிட்டது. ஐப்பசி, கார்த்திகையில் மழை விழுந்தால் களிமண் சக்கரத்தை அப்படியே கவ்விக்கொள்ளும். இறால் பிடிப்பு பெரும்பாலும் இரவிலோ விடியற்காலையிலோ நடப்பதால், இழுத்துவிட ஆள் கிடைப்பதும் எளிதன்று. திருப்பாலைக்குடிப் பக்கம் ஒரு பண்ணையில் மூன்றாவது முறையாக என்னை இழுத்துவிட்ட டிராக்டர்காரர், "சார், இந்த வண்டிய ரோட்டுலயே விட்டுட்டு நடந்து வந்துருங்க, நேரமாவது மிச்சமாகும்" என்றார். அவர் சொன்னபடியே பல இரவுகள் நடந்திருக்கிறேன். கவுன்ட், அதாவது கிலோவுக்கு எத்தனை இறால் என்று, பார்க்கத் தராசும் மாதிரி எடுக்கத் தெர்மாகோல் பெட்டியும் சுமந்துகொண்டு முக்கால் கிலோமீட்டர் நடப்பது வேலையின் பகுதி என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

சீமைக் கருவேல முள்ளைப் பற்றி இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நான்கு ஆண்டுகளில் எத்தனை பஞ்சர் என்று எண்ணுவதை 30க்குப் பிறகு நிறுத்திவிட்டேன். உப்பும் இதற்குச் சளைத்ததன்று. இரண்டாவது மழைக்காலம் முடிந்ததும் பின்புறச் சக்கர வளைவின் ஓரத்தில் துரு தலைகாட்டியது. போர்த் தண்ணீரில் கழுவினால் அது உவர்ப்பு, காய்ந்ததும் வெள்ளைத் திட்டாகப் படியும். குடிநீரைக் குடம் குடமாக விலைக்கு வாங்கும் தெருவில் அதை எடுத்துக் கார் கழுவ மனம் துணியாது. டிக்கியில் ஐஸ் பெட்டி கசிந்து கசிந்து, மிதியடியின் கீழே தகடு பொரிந்துபோய்விட்டது. அதிலிருந்து எழுந்த இறால் வாடை எந்த நறுமணப் புட்டிக்கும் அடங்கவில்லை. என் மனைவி 2022க்குப் பிறகு அந்தக் காரில் ஏறவே இல்லை. மதுரைக்கு மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தபோதும், "பஸ்ஸுலயே போயிக்கிறேன், உங்க மீன் வண்டி வேணாம்" என்று சொல்லிவிட்டாள்.

இதை நான் குடும்பக் கதையாகச் சொல்லவில்லை. அந்தக் காரைச் சொந்த உபயோகத்துக்கும் பயன்படுத்துகிறேன் என்ற அடிப்படையில்தான் மாதந்தோறும் என் வருமானத்தோடு 1,800 ரூபாய் சேர்க்கப்பட்டு வந்தது.

அப்போது நடைமுறையில் இருந்த 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, சம்பளத்தோடு கிடைக்கும் வசதிகளையும் சம்பளமாகவே கணக்கிட்டது. அலுவலகத்தில் இதைப் பெர்க்விசிட் என்பார்கள். காருக்கு அதை எப்படி மதிப்பிடுவது என்பது 1962ஆம் ஆண்டு விதிகளில் மூன்றாம் விதியில் இருந்தது. நிறுவனத்தின் காரை அலுவலுக்கும் சொந்த வேலைக்கும் சேர்த்துப் பயன்படுத்தி, பெட்ரோலையும் பராமரிப்பையும் நிறுவனமே ஏற்றால், எஞ்சின் 1.6 லிட்டருக்குள் இருக்கும் காருக்கு மாதம் 1,800 ரூபாய், அதற்கு மேற்பட்டதற்கு 2,400 ரூபாய். ஓட்டுநரும் கொடுத்தால் கூடுதலாக 900. சொந்தப் பயன்பாட்டின் செலவு முழுவதையும் ஊழியரே ஏற்றால் 600 அல்லது 900. நான் ஓட்டிய ஆண்டுகள் முழுவதும் இந்தத் தொகைதான் இருந்தது. இது வரி அன்று, வருமானத்தில் சேர்க்கப்படும் மதிப்பு. அதன்மேல்தான் அவரவர் அடுக்குக்கு ஏற்ப வரி விழும். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள எனக்கே ஓராண்டு ஆயிற்று, அதற்குள் ஏமாந்தும்விட்டேன்.

ஏமாந்த இடம் இதுதான். கார் கொடுப்பதற்கு முன் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பட்டியல் வந்தது. அதில் மூன்று வண்டிகள் இருந்தன, மூன்றும் சிறிய பெட்ரோல் வண்டிகள், நகரத்துக்கு ஏற்றவை. உயரமான, 2.2 லிட்டர் டீசல் வண்டி ஒன்றைக் கேட்டு நான் விண்ணப்பித்தேன்; வித்தியாசத் தொகையில் ஒரு பகுதியைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்றும் எழுதினேன். மனிதவளப் பிரிவிலிருந்து தொலைபேசியில் பேசியவர் மிகவும் கனிவாக, "பெரிய வண்டி எடுத்தால் உங்களுக்குத்தான் வரி கூடும், உங்கள் நன்மைக்காகத்தான் சொல்கிறோம்" என்றார். வரி என்ற சொல்லைக் கேட்டதும் வாயடைத்துப்போவது மாதச் சம்பளக்காரனின் சுபாவம். நானும் சரி என்றுவிட்டேன்.

2022 ஜூனில் படிவம் 16உடன், வசதிகளின் மதிப்பைக் காட்டும் 12பிஏ என்ற இணைப்பும் வந்தபோதுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அப்போது என் வருமானம் பழைய வரி முறையில் 20 விழுக்காட்டு அடுக்கில் இருந்தது. 4 விழுக்காடு செஸ் சேர்த்தால் 20.8. பெரிய எஞ்சின் வண்டிக்கு மாதம் கூடும் மதிப்பு 600 ரூபாய். அதன்மேல் வரி 124 ரூபாய் 80 காசு. 2025 மார்ச்வரை இருந்த 45 மாதங்களுக்கும் கூட்டினால் 5,616 ரூபாய். என் நன்மைக்காக எனக்கு மிச்சப்படுத்திக் கொடுத்தது அவ்வளவுதான். அதே காலத்தில் டிராக்டருக்கு மட்டும் என் கையிலிருந்து 7,500 ரூபாய் போயிருந்தது, ஏனென்றால் நடு இரவில் வந்து இழுத்துவிடும் மனிதரிடம் ஜிஎஸ்டி பில் கேட்க முடியாது, பில் இல்லாத செலவை நிறுவனம் தராது. முன்புற பம்பர் கரையில் இடித்து உடைந்ததை ஓட்டியவரின் கவனக்குறைவு என்று எழுதி 4,200 ரூபாயைச் சம்பளத்தில் பிடித்தார்கள். இரண்டையும் சேர்த்தால் 11,700, அதாவது மிச்சமானதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

மதிப்பு மாறாமல் நிலையாக இருப்பதும் எரிச்சலைத் தந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். இறங்குதளங்கள் வெறிச்சோடி, பண்ணைப் பயணம் மட்டும் இருக்கும், கார் பாதி நாள் வாசலில் நிற்கும். அப்போதும் 1,800தான். ஒரே மாதத்தில் 3,000 கிலோமீட்டர் ஓடி, ஒரு கிலோமீட்டர்கூடச் சொந்த வேலைக்கு ஓடாதபோதும் 1,800தான். வீட்டிலிருந்து பணியிடத்துக்குப் போய்வரும் பயணத்தை வசதியாகக் கருதக் கூடாது என்று அதே 17ஆம் பிரிவின் விளக்கம் சொன்னது. அப்படியிருக்க, என் கணக்கில் சொந்தப் பயன்பாடு என்று எஞ்சுவது என்ன என்று கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன்.

முழுக்க அலுவலுக்கே ஓடும் காருக்கு மதிப்புச் சுழியம் என்பதும் அந்த விதியிலேயே இருந்தது. அதற்கு இரண்டு தேவைப்பட்டன: ஒவ்வொரு பயணத்தின் நாள், சென்ற இடம், தூரம், செலவு ஆகியவை எழுதப்பட்ட பதிவேடு ஒன்று, செலவு முழுவதும் அலுவலுக்கே ஆனது என்று நிறுவனம் தரும் சான்று மற்றொன்று. முதலாவதை நான் ஏழு மாதம் விடாமல் எழுதினேன். மீன் செதிளும் பெட்ரோல் வாடையும் ஒட்டிய அந்த நோட்டை நகலெடுத்து அனுப்பியபோது, ஒருவருக்குச் சான்று கொடுத்தால் கள ஊழியர்கள் அனைவரும் கேட்பார்கள், தணிக்கையில் எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டிவரும் என்று மறுத்துவிட்டார்கள். அவர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன், நாற்பது பேரின் நோட்டைச் சரிபார்ப்பது ஒருவரின் முழுநேர வேலை. ஆனால் அந்த உழைப்பைத் தவிர்ப்பதற்கான விலையை ஊழியர் தலையில் வைப்பதைச் சொல்லிவிட்டாவது செய்திருக்கலாம்.

பட்டியல் ஏன் அப்படி இருந்தது என்பதற்கான உண்மைக் காரணம் எனக்குப் புரிந்தது வேறொரு வரியைப் பற்றிப் படித்தபோது. ஓட்டுநரையும் சேர்த்து 13 பேர்வரை அமரும் வாகனத்தை வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியை, வாகன வியாபாரம், பயணிகள் போக்குவரத்து போன்ற சில தொழில்களைத் தவிர, நிறுவனங்கள் தாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரவாகத் திரும்பப் பெற முடியாது. ஐஸ் ஏற்றும் சரக்கு வண்டிக்குக் கட்டிய வரியைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம், என் காருக்குக் கட்டியதை முடியாது. அது முழுக்க நிறுவனத்தின் செலவு. 2025 செப்டம்பர் 22க்கு முன் சிறிய பெட்ரோல் காருக்கு வரியும் செஸ்ஸும் சேர்த்து 29 விழுக்காடு. நான்கு மீட்டருக்கு மேல் நீளம், 1,500 சிசிக்கு மேல் எஞ்சின், 170 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் தரை இடைவெளி என மூன்றும் சேர்ந்த வண்டிக்கு 50. குளத்தின் கரையில் அடி உரசாமல் போக எனக்குத் தேவைப்பட்ட அந்த உயரமே கூடுதல் வரிக்கான அடையாளங்களில் ஒன்று என்பதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பத்து லட்ச ரூபாய் அடக்கவிலையில் இரண்டு லட்சத்துக்கும் மேல் வித்தியாசம் வருகிறதென்றால், எந்த நிறுவனமும் தயங்கத்தான் செய்யும். அதை அப்படியே என்னிடம் சொல்லியிருந்தால் நான் புரிந்துகொண்டிருப்பேன். தன் இரண்டு லட்சத்தைக் காப்பதற்கு என் 125 ரூபாயைக் காரணம் காட்டியதுதான் இன்றும் உறுத்துகிறது.

2025-26இல் அந்தக் காரணமும் போய்விட்டது. புதிய வரி முறையில் ஆண்டின் மொத்த வருமானம் 12 லட்சம்வரை இருப்பவருக்கு 87ஏ பிரிவின் கழிவால் வரியே இல்லை. எங்கள் கள ஊழியர்களில் பெரும்பாலோர் அதற்குள் அடங்குபவர்கள். 1,800 சேர்த்தாலும் 2,400 சேர்த்தாலும் கட்ட வேண்டிய வரி சுழியம்தான். செப்டம்பரில் பெரிய வண்டிகளின் வரி 40 விழுக்காட்டுக்கு இறங்கியது, சிறியவற்றுக்கு 18 ஆயிற்று. இத்தனைக்கும் பிறகு அக்டோபரில் வந்த புதிய பட்டியலில் மூன்றுக்குப் பதிலாக நான்கு வண்டிகள் இருந்தன. நான்காவது மின்சாரக் கார். எஞ்சினின் கன அளவை வைத்து மதிப்புப் போடும் விதிக்கு மோட்டார் எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை. இரவு இரண்டு மணிக்குச் சாயல்குடியைத் தாண்டிச் சார்ஜ் போட எங்கே போவது என்று மட்டும் கேட்டேன். பதில் வரவில்லை.

ஆகவே கம்பெனி கார் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ஐந்தாண்டு ஓடிய 1.5 லிட்டர் டீசல் வண்டி ஒன்றை இராமநாதபுரத்திலேயே வாங்கினேன். உயரம் போதும், அடி உரசுவதில்லை, டிராக்டர்காரர் இப்போது வணக்கம் மட்டும் சொல்கிறார். டீசல் செலவையும் பராமரிப்பையும் கிலோமீட்டர் கணக்கில் நிறுவனம் திருப்பித் தருகிறது. காப்பீடும் தேய்மானமும் என் பொறுப்பு. ஐந்தாண்டில் இது கட்டுபடியாகுமா என்பது வண்டியின் துரு எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பதைப் பொறுத்தது. நான் வாங்கியபோது சொந்தக் காருக்கு இருந்த விதியும் அதே மாதிரிதான்: திருப்பித் தரும் தொகையில் மாதம் 1,800 ரூபாய் கேள்வியில்லாமல் விலக்கு, அதற்கு மேற்பட்ட அலுவல் செலவையும் விலக்க வேண்டுமானால் பதிவேடும் நிறுவனத்தின் சான்றும் வேண்டியிருந்தன.

பணம் கொடுப்பதற்கு ஆதாரம் தேவைப்படுவதால், நாள், இடம், தூரம், செலவு என்று நான்கு பத்திகள் அச்சிட்ட நோட்டு ஒன்றை நிறுவனமே இப்போது கொடுத்திருக்கிறது. மாதக் கடைசியில் கிடங்கு மேலாளர் அதைச் சரிபார்த்து, செலவு முழுவதும் அலுவலுக்கே ஆனது என்ற வரியின் கீழ் கையெழுத்திட்டு முத்திரை வைக்கிறார். நான் நகல் எடுத்து வைத்துக்கொள்கிறேன்.