தண்ணீர் மட்டும் இல்லாத தண்ணீர்ப் பந்தல்

கெய்ரோவில் அல்-முயிஸ் தெருவை இரண்டாகப் பிளந்துகொண்டு நிற்கிறது அப்துர் ரஹ்மான் கத்குதா என்ற பிரபுவின் சபீல், அதாவது தர்மத் தண்ணீர்ப் பந்தல். 1744-இல் கட்டியது. கீழே, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் இலவசத் தண்ணீர், மேலே பிள்ளைகள் குர்ஆன் ஓதிய பள்ளிக்கூடம். உள்ளே போகிறவர்கள் நீலப் பூ டைல்ஸையும் மக்காவை வரைந்த டைல்ஸையும் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அழகுதான், மறுக்கவில்லை.

நான் நின்றது ஜன்னலடியில். பெரிய வெண்கலக் கிராதி, அதன் அடியில் மட்டும் வளைவு வளைவாகச் சின்னத் திறப்புகள். கையை விட்டுப் பார்த்தேன், ஒரு குவளை போய்வரும் அளவுதான். அதாவது, வாங்குகிறவர் வெயிலில் நின்றபடியே குடித்துவிட்டு நடையைக் கட்டலாம், யார் எவர் என்று உள்ளேயிருந்து ஒருவரும் கேட்க வேண்டியதில்லை. தர்மம் செய்கிறவனுக்கு இவ்வளவு யோசனை ஓடியிருக்கிறதே என்று தோன்றியது.

வேலை நடந்த விதம் இன்னும் சுவாரசியம். நைல் பெருகும் காலத்தில் தோல் பைகளில் அள்ளி, ஒட்டகத்தில் ஏற்றிவந்து, தரைக்குக் கீழே உள்ள தொட்டியை நிரப்பிவிடுவார்கள், வருஷம் முழுக்க அந்தத் தண்ணீர்தான். பல சபீல்களில் சல்சபீல் என்று ஒரு சாய்ந்த பளிங்குப் பலகை உண்டு, செதுக்கல்மேல் தண்ணீர் தவழ்ந்து இறங்கும்போதே குளிர்ந்துவிடும். கரண்ட் இல்லாத கூலர்! செலவுக்கு வக்ஃபு, அதாவது தர்மத்துக்கென்று எழுதிவைத்த சொத்தின் வருமானம். அந்த வக்ஃபுப் பத்திரங்களில் கயிறு, வாளி, கடற்பஞ்சு, பானைக்குப் புகைபோடச் சாம்பிராணி வரை எழுதிவைத்திருக்கிறார்கள், தண்ணீர் கொடுப்பவர் சுத்தமாகவும் முகம் சுளிக்காதவராகவும் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்து.

சரி, குறை? இன்று ஒரு சொட்டுக் கூடக் கிடையாது. டிக்கெட் எடுத்து உள்ளே போய், தாகத்தோடு வெளியே வந்து பாட்டில் வாங்கினேன். குறைந்தபட்சம் ஒரு ஜன்னலிலாவது ஒரு பானை வைத்திருக்கலாம்.

அப்புறம், தொட்டியைப் பார்க்க ஆசை இருந்தால் அதே தெருவில் தெற்கே நடந்து, எகிப்தை ஆண்ட முஹம்மது அலி தன் மகன் தூசூனின் நினைவாக 1820-இல் கட்டிய சபீலுக்குப் போங்கள். நிலத்தடியில் தூணும் குவிமாடமுமாக ஒரு மண்டபமே இருக்கிறது. படி செங்குத்து, வழுக்காத செருப்பு போட்டுக்கொள்ளுங்கள்.