ஜப்பான் புத்தகத்தைப் படித்த பழையபேட்டை பாய்

மூன்று வாரம் ஊரில் இருந்தேன். தங்கச்சி மகள் கல்யாணம், குலதெய்வம் கோவில், பேங்க் வேலை எல்லாம் நல்லபடியாக முடிந்தன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எழுத வேண்டியது கிருஷ்ணகிரியில் உதிரிபாகம் தேடிய அந்த இரண்டு நாள் கதையைத்தான்.

நான் இருக்கும் கனடாவின் அல்பர்ட்டாவில் என்னிடம் ஒரு சுசுகி கேரி மினி டிரக் இருக்கிறது. 1995-இல் ஜப்பானில் செய்தது. அவர்கள் கணக்கில் ஹெய்செய் 7. கனடாவில் 15 வருஷம் தாண்டிய வண்டியை இறக்குமதி செய்துகொள்ளலாம். அப்படி வந்த வண்டி அது. 657 சிசி, மூன்று சிலிண்டர், 350 கிலோ சுமக்கும். ஸ்டியரிங் வலது பக்கம். முதல் தடவை ஏறி உட்கார்ந்தபோது காவேரிப்பட்டணத்தில் அப்பாவின் ஆம்னி வேனில் உட்கார்ந்த மாதிரியே இருந்தது. என்ஜின் சீட்டுக்கு அடியில், அதே சூடு தொடையில். அந்த வேனில் பின்சீட்டைக் கழற்றிவிட்டு பெங்களூரா மாங்காய் ஏற்றி மண்டிக்குப் போவோம். அதனாலேயே இந்த டிரக் மேல் எனக்கு ஒரு தனிப் பாசம்.

இப்போது அது புகை தள்ளுகிறது, ஆயில் ஒழுகுகிறது. ஆயில் கசியாமல் தண்டைச் சுற்றி அடைக்கும் ரப்பர் சீல், மைனஸ் முப்பது டிகிரி குளிரில் கல் மாதிரி இறுகிப்போகும். அங்கே மெக்கானிக்கிடம் போனால் முதல் கேள்வி, "மேனுவல் இருக்கா?" சுசுகி 2014-இல் கனடாவில் கார் விற்பதையே நிறுத்திவிட்டது. கேட்க ஒரு கவுண்டர் கிடையாது. ஆன்லைனில் ஜப்பானுக்கு ஆர்டர் போட்டுவிட்டு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். வந்த பொருள் தப்பானால் மறுபடி மூன்று வாரம். கையில் இருந்தது ஒரு பார்ட்ஸ் புத்தகம் மட்டும். முழுக்க ஜப்பான் எழுத்து. போன் கேமராவைக் காட்டி மொழிபெயர்த்தால் 'தண்ணீர் மனிதன்' என்றெல்லாம் வருகிறது.

ஆம்னிக்கும் இந்த டிரக்குக்கும் பூர்வீகம் ஒன்று. ஆம்னியே சுசுகி கேரியில் இருந்து பிறந்ததுதான். 1984-இல் மாருதி வேன் என்று வந்தது. 2019-இல் நிறுத்திவிட்டாலும் நம் பக்கம் எந்தப் பட்டறையிலும் இன்னும் ஒன்றிரண்டு நிற்கும். சரி, ஊரிலேயே வாங்கிவிடலாம் என்று கழற்றிய இரண்டு ஆயில் சீல்களை பிளாஸ்டிக் பையில் போட்டு, புத்தகத்தையும் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

முதல் நாள் மச்சான் பைக்கில் அழைத்துப் போனது ஹைவே ஓரத்தில் ஒரு பெரிய கடைக்கு. ஏசி, டோக்கன் மெஷின், வரிசையாகக் கம்ப்யூட்டர். நாற்பது நிமிஷம் கழித்து என் நம்பர் வந்தது.

"வண்டி நம்பர் சொல்லுங்க சார்."

"இந்த ஊர் வண்டி இல்லைங்க தம்பி."

"அப்ப சேசிஸ் நம்பர்."

சொன்னேன். டிடி51டி என்று ஆரம்பித்து ஆறு எண்ணோடு முடிந்துவிடும். ஜப்பானில் உள்ளூருக்கென்று செய்த வண்டிக்கு அவ்வளவுதான். சிஸ்டம் 17 எழுத்து கேட்டது. அந்தப் பையன் முன்னால் பூஜ்யம் போட்டுப் பார்த்தான், பின்னால் போட்டுப் பார்த்தான், பிறகு சூப்பர்வைசரைக் கூப்பிட்டான். அவரும் அதையே செய்தார். சீலைப் பையிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்தேன். "சாம்பிள் பார்த்துக் குடுக்கிறது இல்லை சார்" என்றார். ஒருவரும் அதைக் கையில் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. கனடாவில் இதே பதில் வந்தால் பழகிப்போன விஷயம் என்று திரும்பிவிடுவேன். ஆனால் நம் ஊரில் மெக்கானிக் சிகரெட் அட்டையில் எழுதித் தந்த சீட்டையும் பழைய சாமானையும் கொண்டுபோய் நீட்டினால், கடைக்காரர் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே போய் எடுத்து வருவார். நான் வளர்ந்த ஊர் அது. இங்கேயும் 17 எழுத்து கேட்டால் நான் எங்கே போவது?

ஆளாளுக்கு பெங்களூர் ஜே.சி. ரோடு போ, சென்னை புதுப்பேட்டை போ என்றார்கள். மறுநாள் காலை மச்சான்தான், "கடைசியா பழையபேட்டையில ஒரு பாய் கடை இருக்கு, பாத்துட்டு வந்துடலாம்" என்றான்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி இருக்கும் கடை. சுவர் முழுக்க ஆணியில் கேஸ்கட்டும் பெல்ட்டும் தொங்குகின்றன. பாய்க்கு அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். புத்தகத்தைப் பார்த்ததும், "இது என்ன தம்பி, ஜப்பான்காரன் புத்தகமா? குடுங்க பாக்கலாம்" என்று வாங்கிக் கண்ணாடியை மாட்டினார். எழுத்துப் பக்கம் அவர் போகவே இல்லை. விரல் நேராக எண்ணுக்குப் போனது.

"17400. வாட்டர் பம்ப்." அடுத்த வரி. "12761, டைமிங் பெல்ட். 16510, ஆயில் ஃபில்டர்."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சுசுகியில் முதல் ஐந்து எண் சாமானின் பெயர் மாதிரி. அது ஜப்பானிலும் அதுதான், மாருதியிலும் அதுதான். நடுவில் ஜப்பான்காரன் கோடு போடும் இடத்தில் மாருதி 'எம்' போடும். பின்னால் வருவதுதான் எந்த வண்டிக்கு, எந்த மாடலுக்கு என்பது. வருஷக்கணக்கில் ஆம்னிக்கு சாமான் எடுத்துக்கொடுத்த மனிதருக்கு அது மனப்பாடம். ஆறு வருஷமாக என் மேஜையில் கிடந்த புத்தகத்தை அவர் ஐந்து நிமிஷத்தில் படித்தார்.

புகைக்காக பிஸ்டன் ரிங் கேட்டேன். "தர மாட்டேன்" என்றார். ஆம்னி சிலிண்டர் விட்டம் 68.5 மில்லிமீட்டர், உங்களுடையது 65, அண்ணன் சட்டையைத் தம்பிக்குப் போட முடியாது, ஜப்பானிலேயே வாங்குங்கள் என்று முடித்துவிட்டார். வாட்டர் பம்ப்பும் அப்படியே. ஆம்னி பம்ப் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், சாம்பிள் இல்லாமல் தர மாட்டேன் என்றார். விற்றிருந்தால் இரண்டையும் நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்கியிருப்பேன், கனடாவில் போய்த்தான் தெரிந்திருக்கும்.

சீலுக்கு வந்தபோதுதான் அவர் கை எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தேன். 09283 என்றால் ஆயில் சீல். கோட்டுக்கு அப்புறம் வரும் முதல் இரண்டு எண் உள்ளளவு. 35 என்று இருந்தால் 35 மில்லி தண்டுக்கு. என் பழைய சீலைத் துணியால் துடைத்து, வெர்னியர் வைத்து உள்ளளவு, வெளியளவு, தடிமன் மூன்றையும் அட்டையில் எழுதினார். டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்தார். மூன்று அளவும் சரி. நான் காசை எடுத்துவிட்டேன். அவர் சீலை வெளிச்சத்தில் சாய்த்து, தண்டைத் தொடும் உள்விளிம்பான உதட்டில் இருக்கும் சன்னமான சாய்கோடுகளை நகத்தால் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்ப டப்பாவில் போட்டார்.

"இது இடப்பக்கம் சுத்துற தண்டுக்கு. போட்டா ஆயிலை உள்ள தள்ளாது, வெளிய இழுக்கும்."

சுற்றும் திசையைக் காட்டும் அம்புக்குறி சரியாக இருக்கும் சீலைத் தேடி எடுக்க இன்னும் இருபது நிமிஷம் ஆனது. நடுவில் டீ வந்தது. இரண்டு சீலும் சேர்த்து 240 ரூபாய். ஜப்பானிலிருந்து வரவழைத்தால் தபால் செலவே நாற்பது டாலர்.

பிறகு அவராகவே பக்கத்துப் பட்டறைக்கு ஆள் அனுப்பி ஒரு பழைய மாருதி வேன் பார்ட்ஸ் கேட்டலாக் வரவழைத்தார். அட்டை இல்லை, ஓரமெல்லாம் கிரீஸ் கறை. ஆனால் ஆங்கிலம். இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தால் அதே ஐந்து எண், அங்கே ஜப்பான் பெயர், இங்கே ஆங்கிலப் பெயர். என்ஜின், பிரேக், கிளட்ச் என்று என்னால் முடிந்த பக்கங்களுக்கெல்லாம் பென்சிலால் பெயர் எழுதினேன். மதியச் சாப்பாடு மறந்துபோனது. ஆறு வருஷமாகத் தேடிய மேனுவல் அன்று சாயங்காலம் என் கையில் இருந்தது. கேட்டலாக்கை ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளவும் விட்டார்கள். காசு வாங்க மறுத்துவிட்டார்கள்.

சீல் இரண்டும் போட்டாகிவிட்டது, ஆயில் ஒழுகுவது நின்றுவிட்டது. ரிங் இன்னும் ஜப்பானிலிருந்து வரவேண்டும்.

அந்தப் பக்கம் யாராவது போவதாக இருந்தால், பழைய சாமானைக் கழுவாமலாவது கையோடு எடுத்துப் போங்கள்; போட்டோ காட்டினால் பாய் தர மாட்டார். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம். தொழுகைக்கு மூடினால் கடை திறக்க மூன்று மணி ஆகும்.