தீவுக் கிளினிக்குக்கு எது தோது: டீசலா, சோலாரா, காற்றாடியா?

மின்சாமான் கடைகள் நிறைந்த கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவில் போய்க் கேட்டால், "எத்தனை கிலோவாட் வேணும்?" என்பதுதான் முதல் கேள்வி. ஒரு நாளைக்கு எத்தனை யூனிட், எந்த மாதத்தில் என்று யாரும் கேட்பதில்லை. விஷயமே அதில்தான் இருக்கிறது.

வடக்குத் தீவுப் பக்கம், மின்கம்பி எட்டாத ஒரு சின்னக் கிளினிக் என்று வைத்துக்கொள்வோம். தடுப்பூசிக் குளிர்பெட்டி, விளக்குகள், தண்ணீர் மோட்டார் எல்லாம் சேர்த்து நாளுக்கு 10 யூனிட்.

தனி டீசல் வாங்கும்போது மலிவு. ஆனால் இரவில் குளிர்பெட்டிக்காக மட்டும் 5 கேவீஏ ஜெனரேட்டரை ஓடவிட்டால், சுமை காணாத எஞ்சினில் கரி படியும், எண்ணெயும் வீணாகும். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் கோட்டோடு வரிசையில் நின்ற எவருக்கும் மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை.

சோலாரும் பற்றரியும் மட்டும்? 3 கிலோவாட் பனல் நல்ல வெயிலில் 12 யூனிட் அளவுக்குத் தரும். ஐப்பசி, கார்த்திகை மழை நாலு நாள் விடாமல் பிடித்தால்தான் சங்கடம். அந்த நாலு நாளுக்காகப் பற்றரியை மூன்று மடங்காக்குவது காசைக் கடலில் போடுவது.

அப்போ காற்றாடியைச் சேர்ப்போமா? பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். தீவுகளில் காற்று பலமாக அடிப்பது மே முதல் செப்டம்பர் வரை, தென்மேல் பருவத்தில். யாழ்ப்பாணப் பக்கம் அப்போது வெயிலும் கொளுத்தும். இருக்கிற இடத்திலேயே இன்னும் கொட்டின மாதிரி! மழை தொடங்கும் ஒக்டோபரில் காற்றும் அடங்கிவிடும். வேகம் பாதியானால் காற்றின் சக்தி எட்டில் ஒன்றுதான். இரவிலும் சுற்றும் என்பது உண்மையான நன்மை. ஆனால் உப்புக்காற்று தின்ற பெயரிங்கை மாற்றக் கோபுரம் ஏற ஆள் வேண்டும்.

ஊர் முழுவதற்கும் என்றால் கணக்கு வேறு. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கு 2024 மார்ச்சில் இந்திய உதவியோடு ஒப்பந்தமான திட்டத்தில் சோலார் 1,700, காற்று 530 கிலோவாட். பக்கத்தில் காவலுக்கு டீசல் 2,500 கிலோவாட்! பெரிய திட்டமே டீசலைக் கைவிடவில்லை, பாருங்கள்.

ஆகவே கிளினிக்குக்கு என் தெரிவு சோலார், பற்றரி, கூடவே அந்த ஜெனரேட்டர். மழை நாளில் மூன்று மணித்தியாலம் நல்ல சுமையில் ஓடவிட்டுப் பற்றரியை நிரப்பினால் போதும். நாலு லீட்டரோடு அன்றைய பாடு முடிந்தது. பற்றரி லித்தியமாக இருக்கட்டும். லெட் அசிட் விலை குறைவுதான், ஆனால் சார்ஜைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் போய்விடும், அதனால் இரண்டு மடங்கு வாங்க வேண்டிவரும்.

காற்றாடிக்கு ஒதுக்கிய காசில் இன்னொரு இன்வேட்டர் (பனல், பற்றரி மின்சாரத்தைச் சாமான்கள் பாவிக்கும் மின்சாரமாக மாற்றும் பெட்டி) வாங்கிக் கிளினிக் அலமாரியில் வையுங்கள். இருக்கிறது பழுதானால், கொழும்பிலிருந்து மாற்று வந்து சேரும்வரை பனலும் பற்றரியும் சும்மா கிடக்க டீசலைத்தான் ஊற்ற வேண்டியிருக்கும்.