பி0102: ஸ்ப்ரே அடிப்பதா, மீட்டர் வைப்பதா, சென்சாரையே மாற்றுவதா?

செக் எஞ்சின் விளக்கு எரிகிறது, ஸ்கேனர் பி0102 என்ற பழுது எண்ணை (கோட்) காட்டுகிறது: எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் காற்றோட்ட சென்சாரின் (எம்ஏஎஃப்) சிக்னல் குறைவு. கிளீனர் ஸ்ப்ரே அடித்துப் பாருங்கள் என்பார் ஒரு ஃபோர்மென். ஜப்பானியப் பழைய கார்களின் பாகங்கள் விற்கும் ஹாஃப்கட் கடையில் ஒன்று எடுத்து மாட்டிவிடலாம் என்பார் அடுத்தவர். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் புதுசு இருக்கிறது என்பார். பத்து நிமிடம் ஒதுக்கி, வோல்ட் அளக்கும் மீட்டரை வயரில் வைப்பவர்தான் குறைவு. இத்தனைக்கும் இந்த கோட் மீட்டருக்கென்றே பிறந்த கோட்.

முதலில் ஒரு விஷயம். உங்கள் காரில் இந்த சென்சார் இருக்கிறதா? பெரோடுவாவின் முதல் தலைமுறை மைவியும் புரோட்டானின் காம்ப்ரோ எஞ்சின்களும் காற்றை நேரடியாக அளப்பதில்லை. மேனிஃபோல்டு அழுத்தத்தைப் பார்த்துக் கணக்குப் போடும் மேப் சென்சார்தான் அவற்றில் உண்டு. அங்கே இதற்கு இணையான கோட் பி0107. வியோஸ், அல்மேரா போன்றவற்றில் ஏர் ஃபில்டர் பெட்டிக்கு அடுத்த குழாயில் செருகியிருக்கும் சின்ன பிளாஸ்டிக் துண்டுதான் நாம் பேசும் சென்சார்.

எது குறைவு: காற்றா, சிக்னலா?

குழப்பம் எல்லாம் 'குறைவு' என்ற சொல்லில்தான் தொடங்குகிறது. பி0102 காற்றைப் பற்றிப் பேசவில்லை, மின்சாரத்தைப் பற்றிப் பேசுகிறது. டொயோட்டா கணக்கில், சிக்னல் வயரில் 0.2 வோல்ட்டுக்கும் கீழே 3 வினாடி நின்றால் இந்த கோட் விழும். நல்ல சென்சார், வண்டி நின்றபடி எஞ்சின் சும்மா ஓடும் ஐடிலிலேயே 1 வோல்ட்டுக்கு அக்கம்பக்கத்தில் இருக்கும். சென்சாருக்குள் காற்றை அளக்கும் மெல்லிய கம்பியில் தூசி படிந்து அளவு நூற்றுக்குப் பதினைந்து பங்கு தப்பினாலும் அது 0.2க்கு வந்துவிடாது. அழுக்கு சென்சார் பெரும்பாலும் தரும் கோட் பி0101 (அளவு நம்பும்படி இல்லை) அல்லது பி0171 (காற்றுக்குப் பெட்ரோல் போதவில்லை). ஃபில்டருக்கும், எஞ்சினின் காற்றுக் கதவான த்ராட்டிலுக்கும் நடுவே ரப்பர் குழாயின் மடிப்பில் வெடிப்பு இருந்து, அளக்கப்படாத காற்று உள்ளே புகுந்தாலும் பி0171தான் வரும். ஈடுகட்ட எஞ்சின் கணினி கூட்டும் பெட்ரோல் திருத்தம் ஸ்கேனரில் கூட்டல் 15, 20 சதவீதம் என்று ஏறிக்கொண்டே போகும்.

0.2 வோல்ட்டுக்குக் கீழே போக வேண்டுமானால் ஏதோ ஒன்று அறுந்திருக்க வேண்டும், எர்த்தோடு ஒட்டியிருக்க வேண்டும், அல்லது சென்சார் உள்ளே செத்திருக்க வேண்டும். ஸ்ப்ரேயால் இவற்றில் எது சரியாகும்?

ஸ்ப்ரே: விலை குறைவு, இந்த கோடுக்குப் பயனும் குறைவு

ஸ்ப்ரே வீண் என்று சொல்லவில்லை. பி0101க்கு அது நல்ல முதல் படி. எண்ணெய் தடவும் வகை ஃபில்டர் மாட்டியவர்களுக்குக் கூடுதலாகவே உதவும். அதிகமாக ஊற்றிய எண்ணெய் கம்பியில் படிந்து வறுபடும். ஆனால் அடிப்பது எம்ஏஎஃப் சென்சாருக்கென்றே விற்கும் கிளீனராக இருக்கட்டும். கார்புரேட்டர் கிளீனர், பிரேக் கிளீனர் எல்லாம் பிளாஸ்டிக்கையும் உள்ளே பூசிய பசையையும் அரிக்கும், படிவும் விட்டுப் போகும். சாவியை எடுத்துவிட்டு, சென்சாரைக் கழற்றி, பத்துப் பதினைந்து தடவை சிறு சிறு பீச்சாக அடிக்க வேண்டும். காட்டன் பட், விரல், கம்ப்ரஸர் காற்று எதுவும் கம்பிக்கு அருகே போகக் கூடாது. நம் ஊர் ஈரப்பதத்தில் முழுக்கக் காய அரை மணி நேரமாவது விடுங்கள்.

பி0102 வந்த காரில் ஸ்ப்ரே அடித்ததும் விளக்கு அணைந்துவிட்டது என்று கேள்விப்படுகிறோமே? அணைந்திருக்கலாம். சென்சாரைக் கழற்றி மாட்டும்போது கனெக்டரும் கழன்று மாட்டப்படுகிறது. கனெக்டருக்குள் பச்சை பூத்த பின்கள் உரசிச் சுத்தமாகிவிடுகின்றன. பெயர் ஸ்ப்ரேக்குப் போகிறது. அடுத்த பெருமழையில் விளக்கு திரும்பி வரும்.

கனெக்டரைப் பிடுங்கிப் பார்ப்பது

சென்சார் வயரைப் பிடுங்கு, எஞ்சின் நன்றாக ஓடினால் சென்சார் கெட்டது என்பது எல்லா வர்க்‌ஷாப்பிலும் புழங்கும் சோதனை. தப்பான அளவைக் கூசாமல் சொல்லிக்கொண்டிருக்கும் சென்சாருக்கு இது பொருந்தும். பி0102 ஏற்கெனவே விழுந்த காரில் அர்த்தமே இல்லை. எஞ்சின் கணினியான ஈசியூ அந்த சிக்னலை அப்போதே கைவிட்டு, த்ராட்டில் திறப்பையும் ஆர்பிஎம்மையும் வைத்துத் தோராயமாக ஓட்டிக்கொண்டிருக்கிறது. பிடுங்கினாலும் மாட்டினாலும் ஒரே மாதிரிதான் ஓடும். "பிடுங்கியும் மாற்றமில்லை, அப்போ சென்சார் நல்லதுதான்" என்ற முடிவு இங்கிருந்துதான் பிறக்கிறது. பாதிக்குப் பாதி தவறாகவும் போகிறது.

ஸ்கேனரா, மீட்டரா?

புளூடூத் டாங்கிளும் கைப்பேசி ஆப்பும் இன்று யாரிடமும் இருக்கும். அதில் பார்க்க வேண்டிய எண் ஒன்றே ஒன்று: வினாடிக்கு எத்தனை கிராம் காற்று. சூடான எஞ்சின், ஏர்கான் அணைத்த ஐடிலில், லிட்டருக்கு ஒரு கிராமை ஒட்டி வரும் என்பது கைக்கணக்கு, 1.5 லிட்டருக்கு 1.5இலிருந்து 2.5 வரை கவலையில்லை. அறவே 0.0 என்று நின்றால் சென்சாருக்கு 12 வோல்ட் வரவில்லை, அல்லது சிக்னல் வயர் அறுந்தோ எர்த்தோடு ஒட்டியோ இருக்கிறது. டொயோட்டாவில் 271 என்று நம்பவே முடியாத எண் காட்டினால் சென்சாரின் எர்த் அறுந்திருக்கிறது. ஆனால் அப்போது விழும் கோட் பி0103 (சிக்னல் அதிகம்). ஆக பி0102 என்றால் எர்த்தை முதலில் துரத்த வேண்டாம்.

கூட வரும் கோட் எண்ணையும் பாருங்கள். பி0102ஓடு பி0113உம் சேர்ந்து வந்தால், காற்றின் வெப்பம் அளக்கும் பகுதியும் அதே நேரம் காணாமல் போயிருக்கிறது. இரண்டும் ஒரே கனெக்டரில் இருப்பவை. ஃபில்டர் மாற்றியவர் கனெக்டரை 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தவில்லை என்பதே பல நேரம் பதில்.

ஸ்கேனர் இதோடு நின்றுவிடும். ஈசியூவின் காதில் விழுந்ததை அது சொல்லும். சென்சார் என்ன பேசியது என்று சொல்லாது. நடுவில் உள்ள ஒன்றரை மீட்டர் வயரைத் தெரிந்துகொள்ள மீட்டர்தான் வழி. கோலாலம்பூர் புடு ஜாலான் பாசார் எலக்ட்ரானிக் கடைகளில் சில பத்து வெள்ளிக்குக் (ரிங்கிட்) கிடைக்கும் டிஜிட்டல் மீட்டரே போதும். ஐந்து பின் உள்ள டென்சோ வகையை வைத்துச் சொல்கிறோம். உங்கள் காரின் வயரிங் படத்தில் பின் வரிசையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கனெக்டரைக் கழற்றி, சாவியை ஆன் செய்து, வயர் பக்கத்து 12 வோல்ட் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே அளக்கவும். பேட்டரியில் உள்ளதைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறையக் கூடாது. அதோடு விடாதீர்கள். பத்து இழையில் ஒன்பது அறுந்த வயரும் மீட்டரில் 12 காட்டும், ஏனென்றால் மீட்டர் கரண்டே இழுப்பதில்லை. அதே இடத்தில் 5 வாட் பல்ப் ஒன்றை எரியவிட்டு, எரியும்போதே அளந்தால் வயரின் வேஷம் கலையும். பல்பை இந்த 12 வோல்ட் பின்னில் மட்டும் வையுங்கள். சிக்னல் வயரில் வைத்தால் ஈசியூவுக்கு ஆபத்து. எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் இந்தப் பின்னில் 12 இல்லை என்றால், டொயோட்டாவில் மெயின் ரிலேயைச் சந்தேகிக்க வேண்டாம். அது போயிருந்தால் எஞ்சினே ஓடாது. ரிலேயிலிருந்து பிரிந்து சென்சாருக்கு வரும் கிளையில் தேடுங்கள்.

12 சரி என்றால் கனெக்டரை மாட்டி, பின்பக்கமாக ஒரு மெல்லிய குண்டூசியை ரப்பர் சீல் ஓரமாக நுழைத்து சிக்னலை அளக்கவும். வயர் தோலைக் குத்தாதீர்கள். இந்த ஈரத்தில் குத்திய இடத்தில் செம்பு சில மாதங்களில் பச்சையாகிவிடும். நிசானில் எஞ்சின் ஓடாதபோது 0.4ஐ ஒட்டியும், ஐடிலில் 1ஐ ஒட்டியும், 4000 ஆர்பிஎம் போகும்போது 2.4 வரையும் ஏறும். மீட்டரில் இப்படி அழகாக ஏறுகிறது, ஸ்கேனரில் மட்டும் 0.0 என்றால் சென்சார் குற்றவாளி இல்லை. வயரோ ஈசியூ பக்கத்து கனெக்டரோதான். (சில கார்களில் சிக்னல் வோல்ட்டாக வராது, ஹெர்ட்ஸாக வரும். மீட்டர் 2.5 அருகே அசையாமல் நின்றால் ஹெர்ட்ஸ் அளவுக்கு மாற்றிப் பாருங்கள்.)

மீட்டரிலும் சிக்னல் இல்லையா? இங்கேதான் சுவர்க் கடிகாரத்து ஏஏ பேட்டரி கை கொடுக்கும். சென்சார் கனெக்டரைக் கழற்றிவிட்டு, வயர் பக்கத்தில் பேட்டரியின் பாசிட்டிவை சிக்னல் பின்னுக்கும் நெகட்டிவை சென்சார் எர்த் பின்னுக்கும் கொடுங்கள். பதிந்த கோட் எண்ணை ஸ்கேனரில் அழித்து, சாவி ஆன், எஞ்சின் ஓடாமல் ஸ்கேனரைப் பாருங்கள். 1.5 வோல்ட்டுக்கு ஏதோ ஒரு கிராம் எண் வந்தால் வயரும் ஈசியூவும் நலம். 12 வோல்ட்டும் எர்த்தும் ஏற்கெனவே தேறிவிட்டன என்றால் மிச்சம் இருப்பது சென்சார் மட்டுமே. இனி தைரியமாகப் பணம் செலவழிக்கலாம். ஹெர்ட்ஸ் வகைக்கு இந்த வித்தை உதவாது.

மாற்றுவதென்றால் எதை?

புது ஒரிஜினல் சில நூறு வெள்ளி ஆகும், வலிக்கும். ஆனால் அளவுத் தகராறு இல்லை. ஹாஃப்கட்டில் எடுப்பது நம் ஊரில் கேவலமும் இல்லை, முட்டாள்தனமும் இல்லை; ஜப்பானில் ஓடிய ஒரிஜினல் டென்சோ, மலிவு புதுசைவிடப் பல நேரம் மேல். சிக்கல் என்னவென்றால், ஒரே வடிவ சென்சார் பல எஞ்சின்களில் செருகும், ஆனால் வோல்ட்டும் கிராமும் பொருந்துவது மாடலுக்கு மாடல் மாறும். டொயோட்டாவில் 22204 என்று தொடங்கும் எண்ணின் கடைசி ஐந்து இலக்கமும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். "ஸேம் ஸேம் போஸ்" என்ற உத்தரவாதத்தை நம்ப வேண்டாம். விளக்கு திரும்ப எரிந்தால் மாற்றித் தருவார்களா என்று பணம் கொடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

இணையத்தில் ஐம்பது வெள்ளிக்கும் கீழே வரும் பெயரில்லாப் புதுசுதான் எங்கள் வரிசையில் கடைசி. ஐடிலில் யோக்கியமாகவே இருக்கும், பி0102உம் போய்விடும். வேகத்தில்தான் குறைத்து அளக்கும். எதை மாட்டினாலும் ஒரு சோதனை: கராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா ஏற்றத்தில், பக்கத்து சீட்டில் இருப்பவர் ஸ்கேனரைப் பிடித்துக்கொள்ள, முழு த்ராட்டிலில் 5000 ஆர்பிஎம் தொடவிடுங்கள். 1.5 லிட்டர் எஞ்சின் வினாடிக்கு 55இலிருந்து 65 கிராம் காட்ட வேண்டும். 40இல் திணறினால், ஃபில்டரும் எக்ஸாஸ்டும் அடைபடாத பட்சத்தில், சென்சார் பொய் சொல்கிறது.

விட்டு விட்டு வரும் பி0102

மழைக்குப் பிறகு மட்டும் எரியும் விளக்குக்கு எந்தப் புது சென்சாரும் மருந்தல்ல. ஐடிலில் ஓடவிட்டு, கனெக்டரிலிருந்து ஒரு சாண் தூரம்வரை வயரை மெல்ல ஆட்டிப் பாருங்கள். கிராம் எண் ஒரு கணம் 0.0க்கு விழும் இடம்தான் உங்கள் இடம். காண்டோ அடித்தளப் பார்க்கிங்கில் நிற்கும் கார் என்றால் எலிப்பல் பதிந்த வயரையும் தேடுங்கள். கடித்த இடத்தை வெட்டி, சாலிடர் வைத்து, உள்ளே பசையுள்ள, சூடு காட்டினால் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூட வேண்டும். கருப்பு டேப் மட்டும் சுற்றினால் பானெட் சூட்டில் அதன் பசை இளகி வழியும், ஈரம் உள்ளே போகும், அதே கோட் திரும்ப வரும்.